பீரோ சீர்திருத்த மன்றமும் பத்தாத கொசுவமும்

"நான் மணவறைப் பக்கமே வரமாட்டேன்னா வரமாட்டேன். பின்கட்டுல நின்னுக்கினு பாயசம் கிண்டறேன். கெட்டிமேளம் கேட்டா அங்கேருந்தே அட்சதை போட்டுக்கறேன்."

"அங்கேருந்து போட்டா அட்சதை பாயசத்துலதான் உழும்."

"உழட்டும். இந்த ஒடம்ப வெச்சிக்கினு நாலு பேரு முன்னாடி நிக்கறதுக்கு அது தேவல."

"பொண்ணப் பெத்தவ இல்லாம கண்ணாலமா? தேவகிக்கு யாரு பக்கத்துல நிக்கறது, பாயசமா?"

"பெத்தவளுக்குக் கொசுவம் வரலன்னு ஊரே சிரிக்கறதுக்கு, பாயசமே நிக்கட்டும்."

இது எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்த உரையாடல். நான் ஒட்டுக் கேட்கவில்லை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர்தான். தறிச் சத்தம் நின்றால் சண்டைச் சத்தம் கேட்கும், சண்டை நின்றால் தறிச் சத்தம் கேட்கும். இரண்டும் நின்றால் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். பேசியவர்கள் நெசவாளர் ராமலிங்கமும் அவர் மனைவி லோகாம்பாளும். அவர்கள் மகள் தேவகிக்குத் தை மாதம் கல்யாணம்.

சாதாரண ஆட்கள் இதைப் புருஷன் பெண்டாட்டி சண்டை என்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். மனித குலத்தை முன்னேற்றியது சக்கரம் என்றும் நெருப்பு என்றும் பள்ளிக்கூடத்தில் தவறாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். முன்னேற்றியது பீரோ. பீரோ வருவதற்கு முன்னால் எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தங்கள் உடம்பில் குறை இருப்பதே தெரியாது. கொடியில் தொங்கும் புடவையை இழுத்துக் கட்டிக்கொண்டு, தறி நாடாவுக்கு நூலைத் தார் சுற்றப் போய்விடுவார்கள். அந்த இருட்டிலிருந்து அவர்களை மீட்ட பெருமை 'பிள்ளையார்பாளையம் மாதர் முன்னேற்ற மற்றும் பீரோ சீர்திருத்த மன்ற'த்துக்கு உரியது. அந்தச் சண்டை, மன்றம் பெற்ற முதல் வெற்றி.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. மன்றத்தின் கௌரவச் செயலாளர் நான்தான். மாதர் மன்றத்துக்கு ஆண் எப்படிச் செயலாளர் என்று சிலர் கேட்கிறார்கள். சட்டதிட்டத்தில் ஆண் கூடாது என்று எங்கேயும் இல்லை. சட்டதிட்டம் எழுதியவன் நான். பகலில் நூல் கடையில் குமாஸ்தா, பெயர் கண்ணாயிரம்.

எழுபத்திரண்டாம் வருஷம் எங்கள் தெருவுக்குள் இரும்பு பீரோ நுழைந்தது. அதுவரை சீர் வரிசையில் கட்டில், மெத்தை, அண்டா, குண்டான் என்று போய்க்கொண்டிருந்த எங்கள் சமூகம் அந்த வருஷம் விழித்துக்கொண்டது. ராமலிங்கம் தேவகிக்காக ஒன்று வாங்கினார். மாட்டு வண்டியில் வந்து இறங்கியது. வாசற்படி அகலம் பத்தவில்லை. நிலைப்படியை இடித்து உள்ளே ஏற்றினார்கள். வீட்டை இடித்தாவது பீரோவை உள்ளே விடவேண்டும் என்ற அந்த உணர்வைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது.

பீரோ வந்துவிட்டது. உள்ளே எதை எப்படி வைப்பது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டாமா? அதற்குத்தான் தலைவி வந்தார்.

தலைவி திருமதி குமுதவல்லி சீனிவாசன், சின்ன காஞ்சிபுரத்து வைஷ்ணவக் குடும்பம். கணவர் வக்கீல். அந்தம்மா பம்பாயில் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கி, நாகரிகத்தை நேரில் பார்த்துவிட்டு வந்தவர். ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி. கதவைத் திறக்காமலேயே உள்ளே வந்துவிடுவாரோ என்று தோன்றும். இப்படிப்பட்டவர் நம் பெண்களுக்கு நல்லது சொல்ல வந்தது நம் பாக்கியம்.

தொடக்கக் கூட்டம் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் நடந்தது. தலைவி முதலில் பீரோவைப் பற்றிப் பேசினார்.

"மேல் தட்டுல கட்டறது. நடுத் தட்டுல கட்டலாமான்னு யோசிக்கறது. கீழ்த் தட்டுல கொடுத்துடறது. ஒரு வருஷம் ஒரு புடவையைக் கட்டலைன்னா அது உங்களுக்கு வேண்டாத புடவைன்னு அர்த்தம். யோசிக்கவே கூடாது. கொடுத்துடணும். பீரோ ஒழுங்கானா உடம்பும் ஒழுங்காயிடும்."

மூன்றாவது வரிசையிலிருந்து தில்லையம்மாள் எழுந்தாள். தார் சுற்றிக்கொண்டே எழுந்தாள் என்று நினைக்கிறேன். அவள் கை எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

"எங்கிட்ட வருஷத்துக்கு ஒருக்கா கூட கட்டாதது ஒண்ணே ஒண்ணுதான்மா. கண்ணாலப் பட்டு."

"அப்போ அதைத்தான் கொடுக்கணும்."

"இருக்கறது மூணு. ரெண்டு நூல் பொடவ, கிழிஞ்சது. அத தெனம் கட்டறேன். கிழிஞ்சத வெச்சிக்கினு பட்டக் குடுத்துடணுங்களா?"

"தெனம் கட்டறது மேல் தட்டு."

"கிழிஞ்சது மேல் தட்டா?"

"விதி விதிதான்," என்றார் தலைவி. பம்பாயில் எத்தனையோ பேருக்குப் பொருந்திய விதி. எங்கள் தெருவுக்காக அதை மாற்ற முடியுமா? பட்டு நெய்கிற ஊரில் பெண்களுக்குப் பட்டு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் அது விதியின் தப்பு அல்ல.

அடுத்ததாகத் தலைவி ஒரு படத்தைச் சுவரில் மாட்டினார். 'உடலுக்கேற்ற உடை' என்று மேலே எழுதியிருந்தது. கீழே நான்கு காய்கள். முருங்கைக்காய், கத்தரிக்காய், சுரைக்காய், பூசணிக்காய். உலகத்துப் பெண்கள் எல்லாரும் இந்த நான்கில் அடங்கிவிடுவார்கள் என்று விளக்கினார். அகலக் கரை, பெரிய கட்டம், அடர்ந்த ஜரிகை எல்லாம் முருங்கைக்காய்க்கு மட்டும்தான். பூசணிக்காய் அகலக் கரை கட்டினால் இன்னும் அகலமாகத் தெரியும். மெல்லிய கோடு போட்ட, கரை இல்லாத, கண்ணில் படாத புடவையாகப் பார்த்துக் கட்டவேண்டும்.

"நான் கண்ணாலத்துக்கு முன்ன முருங்கக்கா. மூணாவது பெத்தப்புறம் சொரக்கா," என்றாள் தில்லையம்மாள். "காய்க்கு ஒரு பீரோ வாங்கணுங்களா?"

அப்போதுதான் தலைவியின் கண் லோகாம்பாள் மேல் விழுந்தது. லோகாம்பாள் கொஞ்சம் வாட்டசாட்டம். மகள் கல்யாணத்துக்கு என்ன புடவை என்று தலைவி அன்பாகக் கேட்டார். வீட்டுக்காரர் தறியில் ஏறப்போகிற அரக்கு கலர், அகலக் கரை என்று லோகாம்பாள் சொன்னாள். தலைவி படத்தில் நான்காவது காயைக் குச்சியால் தொட்டுக் காட்டினார். அவ்வளவுதான். எவ்வளவு நாகரிகம் பாருங்கள்.

நாகரிகம் தெரியாத தில்லையம்மாள் சும்மா இருக்கவில்லை. "பூசணிக்காய வாசல்ல கட்டினா கண்ணு படாதுன்னு சொல்லுவாங்க. லோகாக்காவ மண்டபத்து வாசல்ல நிக்க வெச்சிடலாம். மாப்ளைக்குத் திருஷ்டி படாது."

மண்டபமே சிரித்தது. லோகாம்பாளும் சிரித்தாள். சிரித்து முடித்து, முந்தானையை இழுத்து இடுப்பைச் சுற்றி மூடிக்கொண்டாள். கூட்டம் முடிகிற வரை அந்தக் கையை எடுக்கவில்லை. சீர்திருத்தம் அவ்வளவு சீக்கிரம் வேலை செய்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நன்றி சொல்ல மன்றத்தின் சட்ட ஆலோசகர் வக்கீல் சீனிவாசன் எழுந்தார். முதலில் அவருடைய தொப்பை மேடைக்கு வந்தது, பிறகு அவர் வந்தார்.

"ஐயா என்ன காயிங்க?" என்று யாரோ கேட்டார்கள். யாரோ என்ன யாரோ, தில்லையம்மாள்தான்.

"புருஷாளுக்குச் சார்ட் கிடையாது," என்றார் தலைவி.

பலத்த கரவொலி.

அன்று சாயந்திரம்தான் சுவருக்கு அந்தப் பக்கம் நான் முதலில் சொன்ன சண்டை. கட்டினால் கொசுவம் மூன்றுக்கு மேல் வருவதில்லை, முந்தானை தோளைத் தாண்டுவதில்லை, மணவறையில் குனிந்து நிமிர்ந்தால் மானம் போய்விடும், வரமாட்டேன் என்று லோகாம்பாள் தீர்மானம் போட்டுவிட்டாள். எங்கள் மன்றத்தில் கூட ஒரு தீர்மானம் இவ்வளவு உறுதியாக நிறைவேறியதில்லை.

ராமலிங்கம் மறுநாள் காலையில் தறியில் இறங்கிவிட்டார்.

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் பாவு என்பது மூன்று புடவைக்குச் சேர்த்துத்தான் போடுவது. நீளவாக்கில் ஓடுகிற நூல் முழுவதையும் ஒரே தடவையாகத் தறியில் ஏற்றி, ஒரு புடவை நெய்து அறுத்து, அடுத்தது, அதற்கடுத்தது. ராமலிங்கம் ஏற்றிய பாவில் முதல் புடவை லோகாம்பாளுக்கு. அடுத்தது பம்பாயில் இருக்கும் தலைவியின் மகளுக்கு. கடைசி தலைவிக்கு. முருங்கைக்காய் அல்லவா, அகலக் கரை அவருக்கு அனுமதிக்கப்பட்டது. மூன்றும் ஒரே அரக்கு, ஒரே கரை.

முதல் புடவை முடியவேண்டிய நாளில் நான் எட்டிப் பார்த்தேன். நாடா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னும் அறுக்கலியாப்பா?"

"முடியற எடத்துல அறுக்கறேன்," என்றார் ராமலிங்கம்.

"எந்த எடம்?"

"முடியற எடம்."

நெசவாளியிடம் நீளம் கேட்கக்கூடாது. இதை வெளியூர்க்காரர்கள் தெரிந்துகொள்ளவேண்டும். எங்கள் ஊரில் பட்டுப் புடவையை வாங்கிப் பிரித்து முழம் போட்டுப் பார்ப்பது, நெய்தவன் முகத்தில் அடிப்பதற்குச் சமம். கையில் வாங்கினால் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். பிரித்தால் அது உடம்பில் கட்டத்தான். எங்கள் ஊரில் சாமியைக் கூடச் சந்தேகப்படுகிற ஆட்கள் உண்டு. புடவையைச் சந்தேகப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

லோகாம்பாள் கட்டிப் பார்த்தாள். சும்மா அல்ல, இன்னொரு சண்டைக்கு அப்புறம்தான்.

"அகலக் கரை எனக்கு வாணாம். அந்தம்மா குச்சியால தொட்டுக் காட்டிச்சி."

"ஒருக்கா கட்டிப் பாரு. புடிக்கலன்னா வித்துடறேன்."

கொஞ்ச நேரம் பட்டு சரசரத்தது. பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "இந்தாய்யா. கொசுவம் வருது."

"வந்தா சரி."

"நாலு இல்லய்யா. ஏழு, எட்டு வருது. முந்தானை முட்டிக்குக் கீழ தொங்குது. நான் எளைச்சிட்டேனா?"

"தார் சுத்தி சுத்தி எளைச்சிருப்பே."

"தார் இல்ல. பீரோ. அந்தம்மா சொன்ன மாதிரி மூணு தட்டா பிரிச்சி அடுக்கினேன் இல்ல? பீரோ ஒழுங்கானா ஒடம்பு ஒழுங்காவும்னு சொன்னாங்க."

மறுநாளே தலைவியின் வீட்டுக்குப் போய் லோகாம்பாள் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். "நன்னாவே தெரியறது. இடுப்புல தெரியறது," என்றார். நான் பக்கத்தில் இருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் செயலாளர் என்ற முறையில் எனக்கும் தெரிந்தது என்று சொன்னேன்.

செய்தி பரவியது. பீரோவை ஒழுங்குபடுத்தினால் பெண்கள் இளைக்கிறார்கள். மாகறலிலிருந்து பெண்கள் பஸ் ஏறி வந்தார்கள். முசரவாக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வண்டி கட்டிக்கொண்டு வந்தது. பீரோ இல்லாதவர்கள் தகரப் பெட்டியை மூன்று தட்டாகப் பிரித்தார்கள். பெட்டியும் இல்லாதவர்கள் கொடியை மூன்றாகக் கட்டினார்கள். தில்லையம்மாள் இரண்டு கிழிந்த புடவையையும் மேல் கொடியில் போட்டுவிட்டு, "எப்போ எளைப்பேன்?" என்று என்னைத் தினமும் கேட்டாள்.

லோகாம்பாள் நடையே மாறிவிட்டது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெரு நடுவில் நடந்தாள். முன்னெல்லாம் ஓரமாக நடப்பாள். மணவறையில் நிற்பதாக ஒப்புக்கொண்டாள். சம்பந்தி வீட்டார் வரும்போது வாசலில் நிற்பதாகவும் தானாகவே சொன்னாள்.

சரி, மற்ற இரண்டு புடவை என்ன ஆயிற்று? பம்பாய் மகள் தனக்கு வந்ததை ஜன்னலுக்குத் திரையாக மாட்டிவிட்டாளாம். ஆகவே அங்கிருந்து புகார் இல்லை. மூன்றாவதை ராமலிங்கம் மடித்துத் தலைவியிடம் கொடுத்தார். தலைவி கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதன் பிறகு தலைவியைக் காணவில்லை.

இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. வக்கீலைக் கேட்டால், "ஆத்துக்காரி குளத்தைச் சுத்திண்டிருக்கா," என்றார். போய்ப் பார்த்தேன். உண்மைதான். வரதராஜப் பெருமாள் கோயில் குளத்தைச் சுற்றி விடியற்காலையில் தலைவி வேகமாக நடந்துகொண்டிருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"செக்ரட்டரி, ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்கோ," என்றார். சுற்றிலும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "நான் என்ன காய்?"

"முருங்கைதாம்மா. பிஞ்சு முருங்கை."

"பொய் சொல்றேள்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த வாரம் முழுவதும் கஞ்சிதானாம். பெருமாள் கோயில் இட்டலி வீடு தேடி வந்தும் தொடவில்லையாம். வக்கீல்தான் இரண்டு பேர் பங்கையும் தனியாகச் சமாளித்தார். குடும்பத்துக்காக ஒரு மனிதன் எவ்வளவு பாரம் சுமக்கவேண்டியிருக்கிறது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம். லோகாம்பாளும் ராமலிங்கமும் தலைவிக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கப் புறப்பட்டார்கள். நானும் போனேன். வழியில் காமாட்சியம்மன் கோயிலில் கல்யாணப் புடவைகளை அம்பாள் காலடியில் வைத்து வாங்கிக்கொண்டதால், லோகாம்பாள் கையில் இருந்த மஞ்சள் பையில் அவளுடைய அரக்குப் புடவையும் இருந்தது.

கூடத்தில் வக்கீல் இட்டலி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ராமலிங்கத்துக்கும் எனக்கும் காப்பி வந்தது. லோகாம்பாள் மட்டும் உள் அறைக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தாலும் காது சாத்தவில்லையே.

"நான் கல்யாணத்துக்கு வரலை லோகாம்பா. தப்பா நெனைச்சுக்காதே."

"ஒடம்பு சரியில்லீங்களா? ஜொரமா?"

"ஜுரம்னா தேவலையே. நான் பெருத்துப் போயிட்டேன். ராமலிங்கம் நெய்த புடவையைக் கட்டினேன். கொசுவம் மூணுதான் வர்றது. பீரோவை எட்டு தரம் பிரிச்சு அடுக்கிட்டேன். பட்டினி கெடக்கறேன். நடக்கறேன். தெனமும் கட்டிப் பாக்கறேன். அதே மூணு." பீரோ கதவைப் படாரென்று சாத்துகிற சத்தம். "அத்தனை பேருக்கும் சொல்லிக் குடுத்துட்டு, நான் எப்படிடீ அங்க வந்து நிப்பேன்?"



"எனக்குத் தெரியும்மா அது," என்றாள் லோகாம்பாள். வேறு யாராவது அந்த இடத்தில் இருந்தால் சிரித்திருப்பார்கள். அவள் சிரிக்கவில்லை. "கட்டற அறையில இருந்து வெளில வர்றதுக்கே கால் வராது. தெரியும். இத கட்டிக்குங்க. எம் பொடவதான். ஒரே பாவு, ஒரே கலரு, யாருக்கும் தெரியாது. நான்தான் எளைச்சிட்டனே, எனக்கு உங்களது பத்தும்."

பட்டு சரசரக்கிற சத்தம்.

"லோகாம்பா."

"என்னாம்மா?"

"எளைச்சுட்டேன்."

"எப்போ?"

"இப்போதான். கொசுவம் கையில அடங்கலை. தரையில பொரள்றது."

மறுபடியும் சரசரப்பு. இந்தத் தடவை அதிக நேரம்.

"அம்மா. நான் பெருத்துட்டேன்."

"எப்போ?"

"நீங்க எளைச்சீங்களே, அதே நேரத்துல."

அதற்குப் பிறகு நான் கேட்ட சத்தம், தரையில் இரண்டு புடவையை விரிக்கிற சத்தம். ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக. ராமலிங்கம் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். காப்பி பாதி இருந்தது.

"இந்தாய்யா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "கொஞ்சம் இங்க வா."

கதவு திறந்தது. கூடத்திலிருந்தே தெரிந்தது. இரண்டு அரக்குப் புடவை, தலைப்பு ஒரே கோட்டில். மறுபக்கம் ஒன்று சுவர் வரை போய் மடங்கியிருந்தது. இன்னொன்று கட்டில் காலோடு நின்றுவிட்டது.

ராமலிங்கம் தலையைச் சொறிந்தார். "பாவு போடறவங்க கடைசில கொஞ்சம் கூடுதலா வுட்டுத்தான் போடுவாங்க. எப்பவும் அப்படித்தான். அத நம்பி இவ பொடவய நீளமா நெய்ஞ்சிட்டேன். இந்தத் தபா வுடல. எப்படியும் வேற ஒண்ணு நெய்ஞ்சி குடுத்துடறேம்மா."

"இது மோசடி," என்றார் வக்கீல், இலையிலிருந்து எழாமலேயே. "செக்‌ஷன் பாத்து..."

"நீங்க இட்டலியைப் பாருங்கோ," என்றார் தலைவி. பிறகு ராமலிங்கத்தைப் பார்த்தார். "எங்கிட்ட ஏம்ப்பா சொல்லலை? நான் கஞ்சி குடிச்சே செத்திருப்பேனே."

"குட்டையாயிடுச்சின்னு எனக்குத் தெரியும்மா. வந்து கேப்பீங்கன்னு தெனம் பயந்துக்கினேதான் இருந்தேன். நீங்க வரல. பொடவ சின்னதான்னு யாருமே கேக்கலியே."

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அவங்களுக்குச் சொல்லல, சரி," என்றாள் லோகாம்பாள். "எனக்குச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ தெரு நடுவுல நடந்திருப்பியா?"

"அப்போ நான் எளைக்கலியா?"

"ஒரு நூலு கூட இல்ல."

அதோடு முடிந்தது, இனி பின்கட்டுதான், பாயசம்தான் என்று நினைத்தேன். லோகாம்பாள் இரண்டு புடவையையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பழைய வழக்கப்படி கை முந்தானைக்குப் போனது. இடுப்பை மூடப் போகிறாள் என்று பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டாள்.

"ஒடம்பு அதே ஒடம்பு," என்றாள் மெதுவாக. "அப்போ இத்தினி வருசமா பத்தாம இருந்தது எது?"

 வக்கீல் கூட மெல்லுவதை நிறுத்திவிட்டார். லோகாம்பாள் நீளப் புடவையைக் குனிந்து எடுத்தாள், மடித்தாள், மஞ்சள் பையில் வைத்தாள். வெற்றிலைத் தட்டைத் தலைவியிடம் நீட்டினாள். "காலைல ஏழரைக்கு முகூர்த்தம். நீங்க வரணும். எத கட்டிக்கினு வந்தாலும் வரணும்."

கல்யாணத்தன்று லோகாம்பாள் மணவறையில் தேவகிக்குப் பக்கத்திலேயே நின்றாள். அகலக் கரை, அடர்ந்த ஜரிகை, எட்டுக் கொசுவம். படத்தில் கண்ட அத்தனை விதியும் மீறப்பட்டிருந்தது. கோயில் கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தாள் என்று யாரோ சொன்னார்கள். தில்லையம்மாள் விடுவாளா? "இந்தத் தபா பூசணிக்கா வாசல்ல இல்லியே, உள்ள வந்து நிக்குதே," என்றாள்.

"கண்ணு பட்டுடும்டி, தள்ளி நில்லு," என்றாள் லோகாம்பாள். இந்தத் தடவை அவளே முதலில் சிரித்தாள். அட்சதை பாயசத்தில் விழவில்லை.

தலைவியும் வந்தார். ஒன்பது கஜம், மடிசார். அவருடைய கல்யாணத்துக் கூறைப் புடவை. இருபது வருஷமாகக் கட்டாதது. அவருடைய விதிப்படி அது கீழ்த் தட்டில் இருந்து எப்போதோ போயிருக்கவேண்டும். போகவில்லை. பீரோவில் எந்தத் தட்டில் இருந்தது என்று நான் கேட்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் தலைவி எழுந்து, சுவரில் இருக்கும் காய்ப் படத்தை எடுத்துவிடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார். சட்ட ஆலோசகர் தொப்பையோடு எழுந்து எதிர்த்தார். இயக்கம் மாகறல் வரை பெயர் எடுத்துவிட்டது, ஒரு தறிக்காரர் செய்த தப்புக்காக ஒரு கொள்கையைக் கைவிட முடியாது, புடவை ஒரு தடவை குட்டையானதால் பெண்கள் பருமன் இல்லை என்று ஆகிவிடாது என்று விளக்கினார்.

"அப்படின்னா உங்க வேஷ்டிக்கும் ஒரு சார்ட் மாட்டலாமா?" என்று தலைவி கேட்டார். நேரமின்மை காரணமாகக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. படம் அப்படியே இருக்கிறது. குட்டைப் புடவை இப்போது மன்றத்து மேசைக்கு விரிப்பு. மேசைக்குக் கொசுவம் வேண்டாம் என்பதால் சரியாகப் பொருந்திவிட்டது. வெளியூர்ப் பெண்கள் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள். வந்து, அந்த மேசை முன்னால் நின்று, தங்கள் இடுப்பை அளந்துகொண்டு, தலை குனிந்து போகிறார்கள். மன்றத்தின் சேவைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

என் வேட்டி ஒரு தடவை இடுப்பில் பத்தாமல் போயிற்று. நான் உடனே கடைக்காரனைப் போய்த் திட்டிவிட்டு வேறு வாங்கி வந்தேன். வக்கீலும் அப்படித்தான் செய்வாராம். விசாரித்துவிட்டேன். எங்கள் தெருவில் எந்த ஆண்பிள்ளையும் அதற்காகக் கஞ்சி குடித்ததில்லை, குளம் சுற்றியதில்லை, மகள் கல்யாணத்தில் பின்கட்டில் ஒளிந்ததில்லை.

ஆகவே, இதைப் படிக்கிற உங்களிடம் மன்றத்தின் செயலாளர் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் என்றைக்காவது கொசுவம் பத்தாமல் போயிருக்கும். அன்றைக்கு நீங்கள் முதலில் அளந்தது புடவையையா, பெண்ணையா? ஒரு கார்டில் மறைக்காமல் எழுதிப் போடுங்கள். விலாசம் கண்ணாயிரம், நூல் கடை, பிள்ளையார்பாளையம். ஆண்பிள்ளைகள் எழுதினால் தொப்பை அளவையும் சேர்த்து எழுதவும். சார்ட் போடவேண்டியிருக்கிறது.